உங்களுக்குத் தெரியுமா? காற்றுக்கும் கட்டணம் உண்டு!

● கூரியர் கடையில் பார்சலைத் தராசில் வைப்பதோடு விடமாட்டார்கள். டேப் பிடித்தும் அளப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, விமானக் கூரியர் என்றால் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். வருவது 'வால்யூம் வெயிட்'. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பெட்டிக்குள் அடைந்திருக்கும் வெறும் காற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

● சுமார் 15 கிலோ எடையுள்ள சைக்கிள் ஒன்று. நிறுத்தியபடியே அளந்தால் 175 × 60 × 105 செ.மீ. கணக்குப் போட்டால் 220 கிலோ! முன்சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, சீட்டை இறக்கி, பெடல்களை எடுத்துவிடுங்கள். புது சைக்கிள் வந்த காலி அட்டைப்பெட்டி சைக்கிள் கடைகளில் கேட்டால் கிடைக்கலாம். அது 140 × 75 × 20 செ.மீ. என்றால், 220 கிலோ 42 ஆகிவிடும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினால் மரை போய்விடும். சக்கரம் இல்லாத முன் ஃபோர்க்கின் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். மேலே மூட்டை விழுந்தாலும் ஃபோர்க் நசுங்காது.

● நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை பிரான்சிலிருந்து போனதும் பிரித்துத்தான். 1885-ல் 350 துண்டுகள், 214 பெட்டிகள், 'இசேர்' என்ற ஒரே கப்பல்.

● சரக்கை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலில் அடுக்கிய காலத்தில் டன்னுக்கு ஆன ஏற்றுக்கூலி 5.86 டாலர். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மெக்லீன் 58 கன்டெய்னர்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதில் டன்னுக்கு ஆன ஏற்றுக்கூலி 16 சென்ட்தான்.

● பெரிய, எடை குறைந்த சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பக் கப்பலே நல்லது. ஒரு கன மீட்டர் பெட்டிக்கு விமானக் கூரியர் கணக்கில் 200 கிலோ வரும். கப்பலில் மற்றவர்களோடு கன்டெய்னரைப் பங்குபோடும்போது, 1,000 கிலோ வரை அது வெறும் ஒரு கன மீட்டர்தான். வாரக்கணக்கில் காத்திருக்க மனம் வேண்டும். மரப்பெட்டி என்றால் பூச்சி போகாமலிருக்க மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தோ, மருந்துப்புகை போட்டோ முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைப் பல நாடுகள் உள்ளே விடாது.

● பிரிக்கவே முடியாத பொருள் என்றால்? வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய ஒரே கல்லாலான 64 அடிப் பெருமாள் சிலை, 2018 டிசம்பரில் 240 சக்கர லாரியில் கிளம்பி, 2019 ஜூனில்தான் பெங்களூரு ஈஜிபுரா போய்ச் சேர்ந்தது. டயர்கள் வெடித்தன, ஆற்றில் தற்காலிக மண்பாதை போட வேண்டியிருந்தது.

● உள்நாட்டில் அவசரமில்லாத பெரிய சாமானுக்கு 'ரிட்டர்ன் லோடு' போல மலிவு வேறில்லை. லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டிய லாரிக்கு வந்தவரை லாபம். நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிகள் இந்தியா முழுக்க ஓடுகின்றன. புக்கிங் ஆபீஸில் விசாரித்தால் நீங்கள் கேட்கும் ஊரிலிருந்து திரும்பும் வண்டி கிடைக்கலாம். லாரியில் கொஞ்ச இடம் மட்டும் எடுத்து 'பார்ட் லோடு' போட்டால் சாமான் நடுவழி கோடவுன்களில் இறங்கி ஏறும். அதற்கேற்ற கனத்த பேக்கிங் செய்யுங்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 'இ-வே பில்' தேவையில்லை. சாமான் பட்டியல் ஒன்றை டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வாக்குவாதம் மிச்சம்.

● பைக்கை ரயிலில் இரண்டு விதமாக அனுப்பலாம். அதே ரயிலில் டிக்கெட்டோடு நீங்களும் போனால் 'லக்கேஜ்'. வண்டி மட்டும் போனால் 'பார்சல்'. பெட்ரோல் டேங்க் சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும், ஆர்.சி. நகல், அடையாள அட்டை கட்டாயம். பெரிய ஸ்டேஷன்களின் வெளியே வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணாடிகளை முன்பே கழற்றிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் எடுத்துவிடுங்கள். சலுகை நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் 'வார்ஃபேஜ்' என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.