கிளியின் சொண்டு காய்ந்து உரிகிறதா?

பிள்ளைகள் ஆசையோடு வளர்க்கும் கிளியின் சொண்டு காய்ந்து உரிந்தால் பலர் உடனே தேங்காயெண்ணெய் பூசுவர். இது பொருத்தமான வைத்தியமல்ல. எண்ணெய் மூக்குத் துவாரத்தை அடைக்கும், இறகையும் பழுதாக்கும். மண்ணெண்ணெயோ நஞ்சு.

சொண்டு நமது நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பது. மெல்லிய செதிலாக உரிவது இயல்பே. கொறித்துத் தேய்க்கக் கொய்யாக் கொப்பொன்றைக் கூட்டினுள் கட்டிவிடுங்கள்.

தடிப்பாக உரிந்தால் உணவைக் கவனியுங்கள். நெல்லும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்னும் கிளிக்கு விற்றமின் 'ஏ' போதாது. முருங்கையிலை, கரட், பூசணி, பழுத்த பப்பாசி என்பவற்றில் கிடைப்பதைத் தினமும் சிறிதளவு கொடுங்கள். குணம் தெரியச் சில வாரங்கள் செல்லும்.

சொண்டை நீங்களே வெட்டாதீர்கள்; உள்ளே இரத்தக் குழாயுண்டு. தேன்வதை போன்ற பொருக்கு, கோணல், வெடிப்பு, தீன் தின்னாமை கண்டால் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.