வேளாண் பட்டப்படிப்பின் தரம்: நம்மையும் கேட்க வேண்டாமா?

வேளாண் கல்லூரியில் என்ன பாடம் நடக்கிறது, ஒழுங்காக நடக்கிறதா என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் இன்றைக்கு அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நாளைக்கு வேளாண்மை அலுவலராக நம் வட்டாரத்துக்கு வரும். விவசாயக் கடன் பார்க்கும் வங்கி அதிகாரியாகவும், விதை நிறுவனத்து ஆளாகவும், ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானியாகவும் வரும். நாலு வருஷத்தில் அது எதைக் கற்றுக்கொண்டது என்பதன் லாப நட்டம் கடைசியில் நம் வயலில்தான் விழுகிறது.

இப்போது யார் பார்க்கிறார்கள்?

கண்காணிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுவதும் வேளாண் படிப்புக்கான பாடத்திட்டத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கும் முதல்வர்கள் குழு வகுக்கிறது. ஆறாவது குழுவின் அறிக்கை 2024-ல் வந்தது. கல்லூரிகளைப் பரிசோதித்து அங்கீகாரம் கொடுக்க 1996-லேயே கழகம் ஒரு வாரியம் அமைத்தது. அங்கீகாரம் இல்லாவிட்டால் கழகத்தின் மேம்பாட்டு நிதி கிடைக்காது. பொதுவான பல்கலைக்கழகங்களுக்கு 1994-ல் தொடங்கிய ‘நாக்’ அமைப்பு இருக்கிறது. அது ஏழு அளவுகோல் வைத்துத் தரம் போட்டு வந்தது. மாணவர்களிடமும் கருத்துக் கேட்டு வந்தது.

இவர்கள் பார்ப்பது எதை? எத்தனை ஆசிரியர், எத்தனை ஆய்வகம், பண்ணை எவ்வளவு, தேர்ச்சி எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை. எல்லாம் தேவையான கணக்குதான். ஆனால் கல்லூரியே எழுதிக் கொடுத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும் குழு அது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழு ஒன்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. சில நாள் ஆய்வையே பெரிதாக நம்பியிருக்கும் ஏற்பாட்டில் எங்கே ஓட்டை விழும் என்பதற்கு அது போதும்.

வங்கியில் நாங்கள் செய்தது

வங்கியில் இருந்தபோது எங்களுக்கு ஒரு விதி உண்டு. பத்திரம் சரியாக இருந்தால் கடன் கொடுக்கலாம். கொடுத்த கடனில் பம்புசெட் வாங்கினாரா, மாடு வாங்கினாரா என்பது ஃபைலைப் பார்த்தால் தெரியாது. தோட்டத்துக்குப் போய்த்தான் பார்க்கணும். அதுவும் சொல்லாமல் போகணும். அதிகாரி போய்ப் பார்க்காத கணக்குக்குத் தணிக்கையில் கேள்வி வரும்.

படிப்புக்கும் இதுதான் பொருந்தும். பாடத்திட்டமும் தேர்வுத் தாளும் பத்திரம் மாதிரி. படித்தது வயலில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

வயலுக்கே வரும் பாடம்

அப்படிப் பார்க்க நல்ல இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்கும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம்தான் அது. கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, விதை நேர்த்தி செய்து காட்டி, படம் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நெல்லின் வயது நாலு மாதத்தை ஒட்டியது. அவர்கள் ஊரில் தங்குவது சில வாரம். கன்னிப்பூவானாலும் கும்பப்பூவானாலும் ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும். பிறகு அவர்கள் அறிக்கை எழுதுவார்கள், ஆசிரியர் மதிப்பெண் போடுவார். “இந்தப் பிள்ளை சொன்னது உங்களுக்குப் பயன்பட்டதா?” என்று அறுவடை முடிந்தபின் வயல்காரரிடம் வந்து கேட்பது நம் பக்கம் வழக்கத்தில் இல்லை.

இயற்கை விவசாயிகளான நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். ஐந்தாவது முதல்வர்கள் குழுவின் பாடத்திட்டத்தில், ஏறத்தாழ 180 கிரெடிட் கொண்ட வேளாண் பட்டத்தில் அங்கக வேளாண்மை என்ற பாடத்துக்கு 2 கிரெடிட்தான். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, ஒரு செய்முறை. ஆறாவது குழு இயற்கை வேளாண்மைக்கென்றே தனிப் பட்டப்படிப்பு வகுத்திருக்கிறது. மகிழ்ச்சி. அந்தப் படிப்பு சரியாக நடக்கிறதா என்று யார் சொல்வது? ஜீவாமிர்தம் கலக்கத் தெரிந்தவரா, அறிக்கை வாசிப்பவரா?

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை நம்மாழ்வார் ஐயா 1969-ல் விட்டு வந்தார். அங்கே நடந்தது மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்பதுதான் காரணம். விவசாயியைக் கேட்காத ஆராய்ச்சி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. திருப்பதிசாரம் நிலையத்தின் டிபிஎஸ் 1 நெல், ஐ.ஆர். 8-ஓடு நம்ம கட்டிச்சம்பாவைச் சேர்த்து எடுத்த ரகம். அந்தக் கட்டிச்சம்பாவைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தது விவசாயிதான்.

என்ன கேட்கலாம்?

1. மாணவருக்கு வயல் கொடுத்த விவசாயி போடும் மதிப்பெண்ணும் இறுதி மதிப்பெண்ணில் சேர வேண்டும். மண்ணைப் பார்த்தாரா, செலவுக் கணக்கு கேட்டாரா, நன்மை செய்யும் பூச்சியை அடையாளம் கண்டாரா என்று நாலைந்து கேள்வி தமிழில் இருந்தால் போதும்.

2. அறுவடைக்குப் பிறகு ஒருமுறை கல்லூரி வந்து கேட்க வேண்டும்.

3. கல்லூரியை ஆய்வு செய்யும் குழுவில் இயற்கை விவசாயி ஒருவர் இருக்க வேண்டும்; சொல்லாமல் வரும் ஆய்வும் வேண்டும்.

4. ஆய்வில் கண்ட குறையும், அதற்கு எடுத்த நடவடிக்கையும் தமிழில் வெளிவர வேண்டும்.

நம் பங்கும் உண்டு

“நல்ல பிள்ளைகள்” என்று அஞ்சு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நாம் குறை சொல்ல முடியாது. பஞ்சகவ்யாவைக் கண்ணை மூடிக்கொண்டு கற்றுக்கொடுங்கள் என்றும் நாம் கேட்கவில்லை. ரசாயன உரத்துக்கு வைக்கும் அதே சோதனையை இதற்கும் வையுங்கள், எங்கள் வயலிலேயே வையுங்கள் என்கிறோம். அதற்கு நம்மிடமும் கணக்கு வேண்டும். தேதி, மழை, இடுபொருள், கூலி, மகசூல் எல்லாம் நோட்டில் இருந்தால் பேராசிரியரோடு சமமாக உட்கார்ந்து பேசலாம்.

சொல்ல இடமும் இருக்கிறது. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற ஒவ்வொரு நிலையத்திலும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு; விவசாயிகளும் அதில் உறுப்பினர். நாகர்கோவிலில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் உரத்தட்டுப்பாடு, கால்வாய் தூர்வாரல் பற்றி மனு கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதற்கும் ஒரு மனு கொடுப்போம். அடுத்த தடவை மாணவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், படம் எடுக்க நிற்பதற்கு முன்னால் மண்வெட்டியைக் கையில் கொடுத்து வரப்பில் நடக்க வையுங்கள். அவர்களுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். நம் தரப்பு ஆய்வறிக்கையின் முதல் பக்கம் அதுதான்.