லாகின் ஒண்ணு, யூசர் எத்தனை பேர்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்ட கேள்வி: "எங்க கம்பெனி ஈஆர்பி-க்கு 40 யூசர் லைசென்ஸ்தான் இருக்கு. ஆனா நாங்களே எழுதின ஒரு ஆப் வழியா 300 பேர் அதுல ஆர்டர் போடறாங்க. ஆப் உள்ள போறது ஒரே ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்ல. அப்போ கணக்குக்கு அது ஒரு யூசர்தானே?"

டேட்டாபேஸைக் கேட்டா ஆமாம்னு சொல்லும். கான்ட்ராக்டைக் கேட்டா அநேகமா இல்லைன்னு சொல்லும். எஞ்சினியர்களான நமக்கு முதல் பதில்தான் கண்ணுல படும்.

இதுக்கு ஒரு பெரிய வழக்கே இருக்கு. ஜானி வாக்கர், ஸ்மிர்னாஃப் விக்கிற டியாஜியோ, 2004-ல எஸ்ஏபி-கூட ஒப்பந்தம் போட்டுச்சு. கட்டணத்தோட அடிப்படை 'நேம்ட் யூசர்', அதாவது பயன்படுத்த அனுமதி இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் லைசென்ஸ். பிறகு சேல்ஸ்ஃபோர்ஸ் மேல ரெண்டு ஆப் கட்டினாங்க. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஜென் 2. வாடிக்கையாளர்களே ஆர்டர் போட்டுக்க கனெக்ட். ரெண்டும் எஸ்ஏபி பிஐ-ங்கிற இணைப்பு மென்பொருள் வழியா உள்ள பேசும்.

டியாஜியோ சொன்னது: பிஐ-க்குத் தனியா காசு கட்டியிருக்கோம், அந்த வாசல் வழியா வர்றவங்களுக்கு எதுக்கு மறுபடியும் டிக்கெட்? 2017 பிப்ரவரியில இங்கிலாந்து உயர்நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஒப்பந்தத்துல 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' அணுகுறவர்னு இருந்துச்சு. அந்த 'மறைமுகமாக'-தான் ஆளைச் சாய்ச்சது. எஸ்ஏபி கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் மேல. எவ்வளவு கட்டணும்னு அந்தத் தீர்ப்பு முடிவு பண்ணல, கட்டணும்னு மட்டும் சொல்லுச்சு.

எனக்கு இதுல உறுத்தற இடம் ஒண்ணு உண்டு. அதே வாடிக்கையாளர் முன்னாடி கால் சென்டருக்கு போன் போட்டு ஆர்டர் சொல்லுவார். அப்போ லைசென்ஸ் டைப் பண்றவருக்கு மட்டும் போதும். அவரே ஆப்ல கிளிக் பண்ணா, அவரும் யூசர். அதே சரக்கு, அதே ஆர்டர்!

2018-ல எஸ்ஏபியே 'டிஜிட்டல் அக்சஸ்'னு வேற கணக்கு கொண்டுவந்துச்சு. அதுல ஆளை எண்ணறதில்லை. வெளி சிஸ்டம் உள்ள உருவாக்குற டாக்குமெண்ட்டை எண்ணுவாங்க. ஆர்டர், இன்வாய்ஸ்னு மொத்தம் 9 வகை. ஏற்கனவே இருக்கிறதைப் படிச்சா கணக்கு ஏறாது.

மைக்ரோசாஃப்ட்ல இதுக்குப் பேரு 'மல்டிபிளெக்சிங்'. நடுவுல எத்தனை லேயர் வெச்சாலும் லைசென்ஸ் எண்ணிக்கை குறையாது. ஆனா விண்டோஸ் சர்வரை அணுகறதுக்கான லைசென்ஸை ஆள் கணக்கிலும் வாங்கலாம், மெஷின் கணக்கிலும் வாங்கலாம். மூணு ஷிப்டுக்கு ஒரே கம்ப்யூட்டர்னா மெஷின் கணக்குல ஒண்ணு போதும், ஆள் கணக்குல மூணு வேணும். இதைக் கவனிக்காம காசைக் கொட்டற ஆபீஸ் நிறைய.

அந்த நேயருக்கு: உங்க கான்ட்ராக்ட்ல 'யூசர்'னா யாருன்னு விளக்குற பத்தியைத் தேடுங்க. 'மறைமுக', 'மூன்றாம் தரப்பு' மாதிரி வார்த்தை இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த 300-ல எத்தனை பேர் ஆர்டர் உருவாக்குறாங்க, எத்தனை பேர் சும்மா ஸ்டேட்டஸ் பாக்கறாங்கன்னு பிரிச்சு எடுத்துட்டு, ஆடிட் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே உங்க மேனேஜர்கிட்ட மெயில்ல கேளுங்க. வாய்ல கேக்காதீங்க, மெயில்ல.