மலையில் ஒரு கடல்: முருகைத் தொட்டி வியாபாரம் பதுளைக்குப் பொருந்துமா?

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில் விடுதிகள் பெருகி வருவதை நாம் எல்லோரும் காண்கிறோம். விடுதி வந்தால் அதன் பின்னால் பல சிறு தொழில்களும் வரும். அவற்றுள் ஒன்று அலங்கார மீன்தொட்டி. வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் மீன்களும் உயிருள்ள முருகைகளும் வளர்த்துத் தர முடியுமா என்று கேட்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். "இதில் காசு போடலாமா?" என்று வர்த்தக நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டனர். பதுளையில் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த கணக்கை இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றை மனதிற்கொள்ள வேண்டும். முருகை என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசி, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. வெப்பம் கூடினால் அந்தப் பாசி வெளியேறி, முருகை வெளுத்துப் போகும். 1998ஆம் ஆண்டு கடல் வெப்பம் கூடியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரிய முருகைப் பாறையிலும் நடந்தது இதுதான். பரந்த கடலுக்கே இந்தக் கதி என்றால், 200 லீற்றர் தொட்டியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

எமக்குள்ள வசதி

இங்கேதான் ஊவாவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. முருகைத் தொட்டிக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் போதும். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இதற்காகக் குளிரூட்டும் இயந்திரம் பூட்ட வேண்டிவரும். அது விலை கூடியது, மின்சாரத்தையும் விழுங்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. இரவில் நீரைச் சூடாக்கும் சிறிய ஹீற்றர் போதும். பண்டாரவளை, அப்புத்தளை என மேலே போகப் போக ஹீற்றர் கூடுதல் நேரம் எரியும்.

மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 30 வோட் பம்பிகள் 24 மணித்தியாலமும் ஓடினால் 0.72 அலகு. 80 வோட் எல்ஈடி விளக்கு 9 மணித்தியாலம் எரிந்தால் மீண்டும் 0.72 அலகு. 200 வோட் ஹீற்றர் 5 மணித்தியாலம் எரிந்தால் 1 அலகு. ஆக, நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை அலகு, மாதம் 73 அலகு. விடுதி உரிமையாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாதக் கட்டணத் துண்டைப் பார்த்து அவர் திடுக்கிட்டால், அடுத்த மாதம் உங்களை அழைக்க மாட்டார்.

தண்ணீர்தான் மூலதனம்

எமக்குக் கிட்டிய கடல் பொத்துவில் பக்கம்தான். அங்கிருந்து வாரந்தோறும் லொறியில் நீர் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. எனவே தொட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட உப்பை நன்னீரில் கரைக்க வேண்டும். லீற்றருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் 200 லீற்றருக்கு 7 கிலோ உப்பு வேண்டும். பின்னர் இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், ஒவ்வொரு முறைக்கும் 700 கிராம். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல.

அந்த நன்னீர் எங்கிருந்து வருகிறது என்பதே தோட்டப் பகுதிகளில் முக்கியமான கேள்வி. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த நாள் முதல், அதற்கு எதிராகச் செப்புக் கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. யூரியா உரமும் இடப்படுகிறது. மலைச்சரிவில் தேயிலை இருந்தால், கீழேயுள்ள ஓடையில் இவை கலக்க இடமுண்டு. மனிதனுக்குத் தீங்கு செய்யாத சிறு அளவு செப்பு கூட முருகைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். எனவே ஆர்ஓ எனப்படும் வடிகட்டியில் சுத்திகரித்த நீரையே நான் பயன்படுத்துகிறேன். மீன் நோய்க்கென விற்கப்படும் சில மருந்துகளிலும் செப்பு உண்டு. முருகை உள்ள தொட்டியில் அவற்றை ஊற்றவே கூடாது.

பொறுத்தவனுக்கே இலாபம்

ஆரம்பத்தில் நான் விசாரித்த ஒரு கடையில் தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் தரத் தயாராக இருந்தார்கள். இந்தத் தொழிலைக் கெடுப்பது இந்தப் பழக்கமே. மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சானது. அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். அதற்கு முன்னர் மீன் விட்டால் மீன் சாகும். வாடிக்கையாளர் ஒரு முறை மீண்டும் வாங்குவார், இரண்டாவது முறை தொட்டியைக் காலியாக்கி மூலையில் வைத்துவிடுவார்.

மீன் தெரிவிலும் இதே நேர்மை வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன் பார்க்க அழகானது. ஆனால் அதன் இனங்களில் பல முருகையையே தின்பவை. அதே தொட்டிக்கு இரண்டையும் விற்பவர் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார். தொட்டியில் வளர்த்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோமாளி மீன் முருகையோடு ஒத்துப்போகும், விலையும் தாங்கும். கடலில் பிடிக்கும் மீன்களின் வரத்தோ பருவத்தைப் பொறுத்தது. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்கிலும், மற்றக் காலத்தில் தெற்கிலும் மேற்கிலும் சுழியோடிகள் தொழில் செய்கிறார்கள். ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பையில், ரெஜிபோம் பெட்டியில் வைத்து மலையேற்றும்போது குளிரும் தாக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் தெரியாமல் இறங்க வேண்டாம்

இலங்கைக் கடலிலுள்ள கல் முருகைகள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானாலும் கல் முருகைகள் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இலங்கை 1979 முதல் அதில் அங்கத்துவ நாடு. மென்முருகை என்றால் தடையில்லை என்று யாராவது சொன்னால் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். எந்த இனமாயினும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கடற்றொழில் திணைக்களத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே முற்பணம் கொடுங்கள். விற்பவரிடம் பத்திரம் இல்லையென்றால், பறிமுதலாகும்போது நட்டம் உங்களுடையது.

இந்த வேலையை முறையாகச் செய்தால் என்ன பயன் என்பதற்கு இலட்சத்தீவு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு அகத்தி தீவில் இந்திய அரசின் மீன் ஆய்வு நிறுவனம் ஒன்று உள்ளூர்ப் பெண்களுக்குக் கடல் அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்தது. கடலைச் சுரண்டாமல் தொட்டியில் வளர்த்து விற்கும் வழி அது.

இருட்டைக் கடக்கும் வழி

2022இன் பொருளாதார நெருக்கடியில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட பாடும் நினைவில் இருக்கிறது. பம்பி நின்றால் சில மணித்தியாலங்களில் நீரில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். பெட்டறியில் ஓடும் ஒரு சிறிய காற்றுப் பம்பி, அதன் விலைக்குப் பல மடங்கு பெறுமதியான உயிர்களைக் காக்கும். தொட்டி விற்கும்போது இதையும் சேர்த்தே விற்க வேண்டும், விருப்பம் என்று விட்டுவிடக் கூடாது.

அந்த 2022இல்தான் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. உப்பு, விளக்கு, பம்பி யாவும் இறக்குமதி. ஆகவே விலைக்கூற்றில் "14 நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்" என்று எழுதுவது அவசியம்.

என் அபிப்பிராயம் இதுதான். பதுளையில் இந்த வியாபாரம் நடக்கும், ஆனால் மீன் விற்று அல்ல, பராமரிப்பு விற்று. ஐந்து விடுதிகளோடு மாதாந்த ஒப்பந்தம் செய்து, இரு வாரத்துக்கு ஒருமுறை நீர் மாற்றி, உப்பின் அளவையும் நைத்திரேற்றையும் சோதித்து, கொப்பியில் பதிந்து கையொப்பம் வாங்குபவருக்கு வருமானம் நிலையாக வரும். புதிதாக இறங்குவோர் முதலில் நன்னீர் மீன்களில் கை பழகுவது நல்லது. நெக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையிடம் அதற்கான ஆலோசனையைக் கேட்கலாம். பிறகு தமது சொந்தச் செலவில் ஒரேயொரு கடல்நீர்த் தொட்டியை ஒரு வருடம் உயிரோடு வைத்துக் காட்டட்டும். அந்தத் தொட்டியைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.