வெயில்ல வளையும் மார்பிள்: கல்லுக்குள்ள என்ன நடக்குது?

இன்னைக்கு எபிசோட் வளைஞ்சுபோன ஒரு கல்லைப் பத்தி.

சிகாகோவில் 1970-களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காக 83 மாடியில் ஒரு கட்டிடம் எழும்பியது. பிறகு அமோகோ பில்டிங்னு பேர் வந்தது, இப்போ ஏயான் சென்டர். வெளிச்சுவர் முழுக்க இத்தாலியின் கராரா மார்பிள், சுமார் 43,000 பலகைகள். ஒவ்வொண்ணும் 4 சென்டிமீட்டர் தடிமன்கூட கிடையாது. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள அதெல்லாம் வெளிப்பக்கமா வளைஞ்சு விரிசல் விட ஆரம்பிச்சது. கீழே ஜனங்க நடக்கிற தெரு. முதலில் எஃகுப் பட்டை போட்டுப் பிடிச்சு நிறுத்தினாங்க. கடைசியில் 1990-92-ல் மொத்தத்தையும் கழற்றிட்டு கிரானைட் போட்டாங்க. செலவு சுமார் 8 கோடி டாலர்.

இத்தனைக்கும் அந்தக் கல்லு மேல யாரும் பெரிய எடை எதையும் ஏத்தலை. வெயில் அடிச்சது, ஆறியது, திரும்ப வெயில் அடிச்சது. முக்கியமான காரணம் அதுதான்.

கராரா மார்பிள் கிட்டத்தட்ட முழுக்க கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். இந்தப் படிகத்துக்கு ஒரு வினோதமான குணம் இருக்கு. சூடானா ஒரு திசையில் நீளும், அதுக்குக் குறுக்கே இருக்கிற திசையில் சுருங்கும்! 1 மீட்டர் அளவுக்கு ஒரே கால்சைட் படிகம் இருக்குன்னு கற்பனை பண்ணிக்கோங்க. வெப்பம் 50 டிகிரி ஏறினா, அது ஒரு பக்கம் சுமார் 1.3 மில்லிமீட்டர் நீளும், குறுக்கே 0.3 மில்லிமீட்டர் சுருங்கும்.

கல்லுக்குள்ள இப்படிக் கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையைப் பார்த்து ஒட்டிக்கிட்டு இருக்கு. நெரிசலான பஸ்ல ஒருத்தர் முழங்கையை நீட்ட, பக்கத்துல இருக்கிறவர் அதே நேரம் ஒடுங்கினா எப்படி இருக்கும்? அந்த இழுபறியில் படிகங்களுக்கு நடுவுல இருக்கிற பிடி விட்டுப்போகும். ஆறினதும் படிகம் பழைய அளவுக்கு வந்துடும், ஆனா நகர்ந்த இடத்துல இருந்து முழுசா திரும்பாது. அதனால கல்லு மொத்தத்துல துளி பெருசாவே நின்னுடும். ஈரம் அந்த இடுக்குல புகுந்தா நிலைமை இன்னும் மோசம். பலகையோட முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு சூடாகுறதில்லை, நனையுறதில்லை. அதனால ஒரு பக்கம் அதிகமா வளர்ந்து பலகை வளையுது. தடிமன் குறைவுன்னா இன்னும் சீக்கிரம்.

இது 1970-களில் யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. சூடாக்கி ஆறவெச்ச மார்பிள் பழைய அளவுக்குத் திரும்பறதில்லைன்னு கெஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1919-லேயே அளந்து எழுதிட்டார். எனக்கு இதுல அதுதான் கடுப்பான விஷயம். டாக்குமென்டேஷன் இருந்தும் படிக்காம புரொடக்‌ஷனுக்குத் தள்ளின மாதிரி.

சரி, கல்லோட சேர்மானம் மாறினா? மார்பிள்ல டோலமைட்னு இன்னொரு ரகம் உண்டு. கால்சியத்தோட மக்னீசியமும் சேர்ந்தது. அதுவும் ஒரு திசையில் கால்சைட் அளவுக்கே நீளும். ஆனா குறுக்கே சுருங்காது, கொஞ்சம் விரியத்தான் செய்யும். இழுபறி குறையுறதால, பொதுவா டோலமைட் மார்பிள்ல இந்தச் சேதாரமும் குறைவு. கடையில் ரெண்டுமே மார்பிள்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டா கால்சைட் உடனே பொங்கும், டோலமைட்டைப் பொடி பண்ணினாதான் நல்லா பொங்கும். தயவுசெய்து வீட்டுத் தரையில முயற்சி பண்ணாதீங்க.

ஆனா சேர்மானத்தை மட்டும் பார்த்தும் முடிவு பண்ண முடியாது. படிகங்களோட ஓரம் டைல்ஸ் மாதிரி நேரா இருந்தா சுலபமா பிரியும். ஜிக்சா பசில் மாதிரி கோணலா பின்னிக்கிட்டு இருந்தா தாங்கும். ஹெல்சின்கியில் 1971-ல் திறந்த ஃபின்லாந்தியா ஹால்தான் இதுக்கு நல்ல உதாரணம். கட்டிடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைச்சது. அதோட கராரா பலகைகளும் வளைஞ்சது. தோற்றம் மாறக்கூடாதுன்னு 1998-99-ல் திரும்பவும் கராராவே போட்டாங்க. சில வருஷத்துலயே அதுவும் வளைஞ்சது. 2025-ல் மறுபடி திறந்தப்போ சுவரில் இருந்தது வடக்கு இத்தாலியின் லாசா மார்பிள். அதுவும் வெள்ளைதான், அதுவும் கால்சைட்தான்.