மண்ணும் மெய்யும்

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவிற்கு வருதல் இயல்பு. பீங்கான் தொழிலும் அவ்வூர்க்குப் பெயர் தந்ததாகும். மனிதவுடலும் மண்ணே என்று நம் முன்னோர் பன்முறை கூறியுளர். வேதாகமத்தின் முதல் நூலும் அதனையே கூறும். இரசாயன நூலின்படி அம்மொழி எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பீங்கானுக்குரிய வெண்களிமண் அலுமினியம், சிலிகன், பிராணவாயு, ஹைட்ரஜன் என்னும் நான்கு மூலகங்களின் கூட்டாகும். நம் உடலின் நிறையிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு பிராணவாயு, 18 கரி, 10 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், எஞ்சியவை கால்சியம், பாஸ்பரஸ் முதலியன. எனவே பிராணவாயுவும் ஹைட்ரஜனும் இரண்டிற்கும் பொது. மண்ணிற் சிலிகன் பெற்ற சிறப்பிடத்தை உயிர்ப்பொருளிற் கரி பெற்றுள்ளது.

இவ்விரண்டும் ஒரு குடிப்பிறந்தவையே. ருஷிய அறிஞர் மெண்டலீவ் 1869-ஆம் ஆண்டில், அந்நாளில் அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை அணு நிறைப்படி நிறுத்தி, குணத்தால் ஒத்தவை ஓரினமாய் வருமாறு அட்டவணை வகுத்தார். சிலிகனுக்கு அடுத்த இடத்திற்கு ஏற்ற மூலகம் கிடையாமையால் அதனை வெறுமையாக விட்டார். 1886-இல் வின்க்ளர் கண்ட ஜெர்மானியம் அவ்விடத்தை நிரப்பிற்று. இன்று அணு எண்ணின்படி 118 மூலகங்கள் அட்டவணையில் உள. அதிற் கரியின் நேர்கீழே சிலிகன் நிற்கின்றது. இரண்டிற்கும் பிணைப்புக் கைகள் நான்கு.

எனினும் குணம் வேறு. கரியணுக்கள் ஒன்றோடொன்று நெடுஞ்சங்கிலியாக உறுதியுடன் பிணையும். கரி பிராணவாயுவோடு கூடின் ஆவியாகும். அதனை நாம் மூச்சில் வெளிவிடுகின்றோம், செடிகள் ஏற்கின்றன. அண்மையிலுள்ள நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, பண்டைத் தாவரங்கள் அவ்வாறு ஈட்டிவைத்த கரியே. சிலிகனோ பிராணவாயுவோடு கூடின் மணலாகும். நெற்பயிர் நீரிற் கரைந்த சிறிதளவு சிலிகாவை வேரால் உறிஞ்சி உமிக்கு வன்மை தேடிக்கொள்ளும். நம் உடலிற்கோ அது மிகுதியாக வேண்டுவதன்று.

இவ்வறிவு தேர்விற்கு மட்டும் உரியதன்று. பீங்கான் கலவையிற் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லின் பொடியும் சேர்ப்பர், அது சிலிகாவே. அதன் நுண்தூசி நுரையீரலின் ஆழத்தை அடையின் கரைவதுமில்லை, ஆவியாய் வெளியேறுவதுமில்லை. பல்லாண்டு அதனை உட்கொண்டோர்க்கு நுரையீரல் தழும்பேறிச் சிலிகோசிஸ் என்னும் நோய் உண்டாம். அத்தழும்பை நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆதலின் நீர் தெளித்துத் தூசியை அடக்குதலும், காற்றுறிஞ்சும் பொறி அமைத்தலும், தக்க மூச்சுக்கவசம் அணிதலும் இன்றியமையாதன.

மண்ணை வனைந்து நம் இல்லங்கட்கு விளக்கும் கிண்ணமும் தருவோரின் மூச்சைக் காத்தல், மூலகங்களின் இயல்பைக் கற்ற நம்மனோர் கடனாகும்.