பள்ளம் விழுந்தால் கோளா?

1855இல் சென்னை வானாய்வகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருக்கக்கூடும் என்றது அது. அப்படி ஒரு கோள் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. வேற்றுக் கோள்களைத் தேடிய வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தப்புக் கணக்கு, அதுவும் நம்ம ஊர்க் கணக்கு!

வகுப்பறைகளுக்கு இந்தக் கதை வருவது அரிது. அங்கே வருவது விண்மீனுக்கு ஓர் உருண்டை விளக்கு, கோளுக்குக் குச்சியில் குத்திய மணி, ஒளியை அளக்கும் செயலி உள்ள செல்போன். 10 செ.மீ. விளக்கின் முன்னால் 1 செ.மீ. மணியை நகர்த்தினால், திரையில் ஓடும் கோட்டில் சின்னப் பள்ளம் விழும். விட்டம் பத்தில் ஒரு பங்கு என்பதால் மறைவது நூறில் ஒரு பங்கு வெளிச்சம். சூரியனை வியாழன் கடப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான். பூமி கடந்தால் வெறும் 0.0084 சதவீதம்.

மணியை விளக்கை ஒட்டியே பிடிக்க வேண்டும். செல்போன் பக்கம் கொண்டுவந்தால் பள்ளம் ஆழமாகும். கோளும் பொய்யாகப் பருத்துவிடும். சில நேரம் மணி அசையாமலேயே கோடு இறங்கும். பக்கத்தில் எங்கோ மோட்டார் போட்டதில் வோல்டேஜ் குறைந்திருக்கும், அல்லது சன்னலோரம் யாராவது நடந்திருப்பார்கள். அதை அழித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வது பெரிய வீணடிப்பு. அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் பாடமே நடத்த வேண்டும்.

ஏனென்றால் வானத்திலும் இதே தொல்லை. விண்மீனின் கரும்புள்ளி கோளைப் போல ஏமாற்றும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் இன்னும் அதிகமாக ஏமாற்றும். ஒரே இடைவெளியில் மூன்று பள்ளமாவது விழட்டும் என்று கெப்ளர் தொலைநோக்கிக் குழு காத்திருந்தது ஒற்றைப் பள்ளத்தை நம்ப முடியாததால்தான். பூமியைப் போல ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோள் என்றால் முதல் பள்ளத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள்.

2019இல் அமெரிக்காவில் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவர் ஒருவர், டெஸ் தொலைநோக்கியின் பதிவுகளில் ஒரு பள்ளத்தைக் கண்டார். இரட்டை விண்மீன் மறைப்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் பள்ளம் விழுந்த நேரம் இடித்தது. கடைசியில் அது கோள்: டிஓஐ 1338 பி.

பர்னார்டு விண்மீன் கதை இதற்கு நேர்மாறு. 1960களில் அது தள்ளாடுவதாகச் சொல்லி, அங்கே ஒரு பெரிய கோள் இருப்பதாக அறிவித்தார்கள். தொலைநோக்கியின் லென்ஸில் செய்த மாற்றங்கள்தான் தள்ளாட்டமாகத் தெரிந்தன என்பது 1970களில் அம்பலமானது. 2024இல் அங்கே உண்மையாகவே கோள் சிக்கியது; ஆனால் இது வேறு, மிகச் சிறியது, சுமார் 3 நாளில் சுற்றி முடிப்பது.

இதையெல்லாம் விழுங்கிவிடுவது வண்ணப் படங்கள். டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்கள் 2017இல் அறிவிக்கப்பட்டபோது கடலும் மேகமுமாகப் படங்கள் வந்தன. எல்லாம் ஓவியர் கற்பனை. கைவசம் இருந்தவை பள்ளங்கள்தான். பிள்ளைகளை இழுக்கப் படம் வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் படத்தை முதலில் பார்த்த பிள்ளை பள்ளத்தைச் சந்தேகிக்குமா? கோட்டை முதலில் கொடுத்து, கோளைத் தவிர வேறென்ன காரணம் இருக்கலாம் என்று எழுதச் சொல்லலாம். வோல்டேஜ், கரும்புள்ளி, இரட்டை விண்மீன், லென்ஸ் என்று ஒவ்வொன்றாக அடித்த பிறகு, ‘கற்பனை’ என்று மேலேயே எழுதிப் படத்தைக் காட்டட்டும்.